ஈரத்தில் தெரியாத கோடு

ஒரு வாளிச் சுண்ணாம்புப் பாலை வைத்துக்கொண்டு எண்ணூறு பேரைப் பூமியின் வயிற்றிலிருந்து மேலே நடத்திக்கொண்டு வந்தவன் நான். ஆயிரம் என்றும் சில சமயம் சொல்லியிருக்கிறேன். இது போலீஸ் ஸ்டேஷன் என்பதால் குறைத்துச் சொல்கிறேன். நீங்கள் சிரிக்கலாம், மமதா மேடம். எஸ்.ஐ. ஆனவர்கள் சிரிக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஒருத்தரைத் தவிர.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஆட்டோ பிடித்து நானே வந்திருக்கிறேன். ஆண்டர்சன்பேட்டை மளிகைக்கடை ராமலிங்கம் பனியில் கால் தவறிக் குழியில் விழுந்து இறந்துபோனார் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். இருக்கட்டும். ஆனால் இறப்பதற்கு முன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னார். கேட்டவன் நான் ஒருத்தன்தான். அது எங்கேயும் எழுதப்படவில்லை. அதை எழுதவைக்கத்தான் வந்தேன். அவர் குழிக்குள் எப்படிப் போனார் என்பது சின்ன விஷயம். ஆனாலும் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கு முன்னால் சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும்.

உங்கள் கன்னடத்தில் சுண்ண, எங்களிடம் சுண்ணாம்பு. கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டு எடுத்தால் அது பெரிய கோபக்காரன். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், சீறும், பிளக்கும், கொதிக்கும். அந்தக் கொதிப்பில் நான் முட்டை வேகவைத்துத் தின்றிருக்கிறேன். ஒரு தடவை முழு ஆட்டுத் தொடையையே வேகவைத்தேன், எலும்பு கழன்றுவிட்டது. கொதித்து அடங்கினபின் மாவாக உதிர்ந்து உட்கார்ந்துவிடும். அதுதான் நீர்த்த சுண்ணாம்பு. தண்ணீர் குடித்துத் தாகம் தீர்ந்தது. இப்போது கடையில் மூட்டையாக வருவது அதுதான். பார்க்கச் சாது. வெற்றிலையில் தடவிக்கொள்ளலாம். சுவருக்கு அடிக்கலாம், மரத்துக்கு அடிக்கலாம், கிணற்றில் போடலாம், கோழிக் கூண்டில் தூவலாம். தங்கம் பிரிக்கிற மில்லில் சயனைடு விஷத் தண்ணீர்த் தொட்டிக்குள் இதைத்தான் கொட்டுவார்கள், விஷம் ஆவியாக எழும்பாமல் கட்டிப்போட.

ஆனால் தாகம்தான் தீர்ந்ததே தவிர, பசி தீராது. அடித்த நாளிலிருந்து காற்றைத் தின்ன ஆரம்பிக்கும். மெதுவாகத்தான் தின்னும். தின்று தின்று கடைசியில் எந்தக் கல்லிலிருந்து வந்ததோ அந்தக் கல்லாகவே மறுபடி மாறிவிடும். இவ்வளவு பொறுமையான பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அதனிடம் பிடித்ததே அந்தப் பொறுமைதான்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. அதைச் சொன்னவர் ராமலிங்கம். அதனால்தான் இத்தனையும்.

தங்கச் சுரங்கக் கம்பெனியில் எனக்கு வெள்ளையடிக்கும் கேங்கில் வேலை. கேலியாக நினைக்காதீர்கள். பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும், ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு, கேஜ், வந்து நிற்கிற இடத்தைச் சுற்றிப் பாறைக்கு வெள்ளையடிக்கவேண்டும். ஒரு பல்பு எரிந்தால் பத்துப் பல்பு எரிகிற மாதிரி இருக்கும். தங்கம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அந்த இருட்டில் பகலை எடுத்தவன் நான். கேஜுக்கு முன்னால் தரையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடும் போடுவேன். அதற்கு இந்தாண்டதான் ஆட்கள் நிற்கவேண்டும். அந்தாண்ட கால் வைத்தவனைக் கேஜ் அடித்துவிடும், இல்லை கேஜ் ஓடுகிற குழி, ஷாஃப்ட், விழுங்கிவிடும்.

கோடு சுரங்கத்தோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கோடு, அரிசி போடுகிற கிடங்கில் கோடு, பள்ளிக்கூடத்தில் கோடு, தொழிலாளர் லைன் வீடுகளின் குழாயடியில் கோடு. எல்லாம் எங்கள் கேங் போட்டதுதான். அதனால் எங்கள் வயசுக்காரர்களின் காலுக்குத் தனியாக ஒரு மூளை உண்டு. கண் தூங்கினாலும் கால் வெள்ளைக் கோட்டைத் தேடிப்போய் அதன் ஓரமாகவே நடக்கும். சுரங்கத்தில் இறங்காத வியாபாரிகளுக்கும் அப்படித்தான். இந்த ஊரில் பிறந்துவிட்டால் போதும்.

எண்ணூறு பேர் கதைக்கு வருகிறேன். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. ஒரு நாள் பூமி உதறியது. பாறை வெடித்து விளக்கெல்லாம் போய்விட்டது. தூசியில் தலை விளக்குகள் பீடி நெருப்பு மாதிரிதான் தெரிந்தன. வந்த வழி அடைபட்டுப்போனது. என் கையில் வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையும் இருந்தன. நான் குனிந்தவன் நிமிரவே இல்லை. அடுத்த ஷாஃப்ட் வரைக்கும் ஒரே கோடு. அதைப் பார்த்துக்கொண்டு எண்ணூறு பேரும் வந்து சேர்ந்தார்கள். முதன்முதலில் இதைச் சொன்னபோது முப்பது பேர் என்று சொன்னேன். அது அடக்கம் காரணமாகச் சொன்னது.

ராமலிங்கத்தின் கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. பென்ஷன்காரர்கள் உட்கார்வதற்கு. நான் உட்கார்வேன், சைலஸ் உட்காருவான். சைலஸ் கேஜ் ஓட்டுகிற இன்ஜின் டிரைவராக இருந்தவன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். நான் கதை சொல்வேன், ராமலிங்கம் கல்லாவிலிருந்தபடியே கழித்துக்கொண்டு வருவார். கெட்ட மனுஷர் இல்லை. கணக்குத் தப்பாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். "இன்னாபா தாமு, போன வாரம் ஐநூறு பேர்தான கீது? ஒரு வாரத்துல முந்நூறு புள்ள பெத்துட்டாங்களா சுரங்கத்துல?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதெல்லாம் பரவாயில்லை.

ஆயுதபூஜைக்கு அவர் கடைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கூட்டம். நான் எண்ணூறு பேரை ஷாஃப்ட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன், இன்னும் கேஜில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ராமலிங்கம் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வாளியிலிருந்த மட்டையை எடுத்தார். கடை வாசல் கல்லில் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தார். மட்டையை மறுபடி வாளியில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

"பாரு. எங்க கீது வெள்ள?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கல் நனைந்து கறுப்பாக இருந்தது. தண்ணீர் தெளித்த மாதிரி.

"பாத்துக்கோ சைலசு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து சுண்ணாம்பு விக்கிறோம். ஈரச் சுண்ணாம்பு தண்ணி மாதிரி கீது. காஞ்சாதான் வெளுக்கும், அதுக்கு அரை நாள் ஆவும். இவரு இருட்டுல, தூசில, ஈரக் கோடு போட்டாராம். எண்ணூறு பேர் அத்த பாத்துகினே வந்தாங்களாம். கண்ணால பாத்தாங்களா, இல்ல மூக்கால மோந்துகினு வந்தாங்களா?"

கடை சிரித்தது. சைலஸ் சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றான். ரீசார்ஜ் பண்ண வந்திருந்த எங்கள் லைன் பெண் பவ்யா, பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவள்கூடத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எண்ணூறு பேரையும் கேஜில் ஏற்றாமலே எழுந்து வந்துவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாகக் கதையைப் பாதியில் விட்டேன். அவர் சொன்னது சரி. நாற்பது வருஷம் சுண்ணாம்போடு வாழ்ந்தவன் நான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கதை சொல்லும்போது ஒருநாளும் ஞாபகம் வந்ததே இல்லை.

சாயந்திரம் அந்தப் பக்கமாகப் போனேன். கல்லில் கோடு காய்ந்து பளீரென்று இருந்தது. அப்போது காட்டுவதற்கு அங்கே ஒருத்தரும் இல்லை.

கோட்டை அவர் அழிக்கவில்லை. அது அவருக்கு விளையாட்டாகிவிட்டது. யாராவது முண்டியடித்தால், "தாமு கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க, எண்ணூறு பேரும் அங்கதான் நிக்கிறாங்க" என்பார். குழந்தைகள்கூடச் சொல்ல ஆரம்பித்தன. ஒரு நாள் கடை திறக்குமுன் தேங்காய் நார் எடுத்துப்போய்த் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அதற்குள் அது காற்றைத் தின்று கல்லாகிவிட்டிருந்தது.

பெஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கோபமாக யோசிக்கவில்லை, மேடம், கோபத்தில் செய்கிற காரியம் உருப்படாது. சுண்ணாம்பு விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. ஆனால் மனுஷர்கள் விஷயத்தில்? நான் போட்ட கோட்டைப் பார்த்தால் கண்ணை நம்பாமல் காலை நம்பி வருவார்கள் என்பதுதானே என் கதையின் சாரம். அதை அவருக்கு எப்படிக் காட்டுவது? வாயால் சொன்னால் சிரிப்பார். அவருடைய காலைக் கொண்டுதான் காட்டவேண்டும்.

இங்கே பாலகாட் பகுதியில் அவர் வீடு. விடிகிற நேரத்தில் கடை திறக்கக் குறுக்கு வழியாக, இடிந்துபோன பழைய தங்க மில்லின் தரைமேல் நடந்துதான் போவார். மார்கழியில் அங்கே பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. தரையின் ஓரத்தில் ஒரு காற்றுக் குழி இருக்கிறது. சுரங்கத்துக்குக் காற்றுப் போவதற்காக வெட்டிய ஷாஃப்ட். சுரங்கத்தை மூடும்போது மண்ணைப் போட்டு அடைத்தார்கள், மழைக்கு மழை மண் இறங்கி மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. சுற்றியிருந்த கம்பி வேலியை யாரோ பழைய இரும்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் நான்தான் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் குழியைத் தொடாமல் ரோட்டுக்குப் போய்விடலாம். விடியற்காலைப் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டை நம்பித்தான் போய்வந்தார்கள். யாரும் சொல்லாமல், என் கைக்காசில் சுண்ணாம்பு வாங்கி, மழை முடிந்ததும் மறுபடி மறுபடி போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அந்தக் கோட்டைக் கொஞ்சம் மாற்றினேன்.

பழைய கோடு கல்லாகியிருந்தது, சுரண்ட முடியாது. செம்மண்ணைக் கரைத்து அதன்மேல் பூசி மறைத்தேன். அப்புறம் புதுக் கோடு. ஆரம்பம் அதே இடம்தான். பாதி தூரம் வரைக்கும் அதே போக்கு. அதற்குப் பிறகு மெதுவாக, யாருக்கும் உறுத்தாதபடி, பெரியவர்களைப் பார்த்தால் உடம்பு வளைகிற மாதிரி வளைந்து, குழியின் விளிம்பில் போய் முடிந்தது. நான் போட்ட கோடுகளிலேயே அழகான கோடு அதுதான். பட்டப்பகலில் போட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள்? ஒரு கிழவன் ஈரத் தரையைத் துடைக்கிறான். "இன்னா தாத்தா, கிளீன் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஈரத்தில் தெரியாது என்று ராமலிங்கம் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை. அந்த வகையில் அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களை, மிதிக்காதீர்கள், காயவேண்டும் என்று சுற்றிப் போகச் சொன்னேன். மறுநாள் ஞாயிறு. ரயிலுக்குப் போகிறவர்கள் கம்மி. அந்த அளவுக்கு எனக்கு அக்கறை உண்டு.

விடிவதற்கு முன்னால் பிளாஸ்கில் டீயோடு போய்ப் பழைய தொட்டிச் சுவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பை ஒன்றும் வைத்திருந்தேன். பனியில் கோடு பால் மாதிரி ஒளிர்ந்தது.

முதலில் வந்தது பவ்யா. ஏதோ பரீட்சை எழுதப் பெங்களூர் போகிறாளாம், பின்னால் தெரிந்தது. ஃபோன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டே வந்தாள். என் கோட்டின்மேல் வெளிச்சம் விழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தெருவில் கிடக்கிற நூலைத் தாண்டுகிற மாதிரி தாண்டி, ஃபோன் காட்டிய தரையைப் பார்த்து நேராக ரோட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. கூப்பிட்டு எச்சரித்தீர்களா என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. அவள் கோட்டைப் பிடித்துப் போயிருந்தால் அவளும் என் கோட்டுக்கு ஒரு சாட்சியாகியிருப்பாள், அவ்வளவுதானே.

அப்புறம் அவர் வந்தார். பனியில் ஆள் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. ரப்பர் செருப்பு, மடித்துக்கட்டிய வேட்டி. தொண்டைக்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். வலது கால் கோட்டைத் தொட்டது. தொட்டதும் அந்தக் கால் அமைதியாகிவிட்டதை நான் பார்த்தேன். தாயைக் கண்ட கன்று மாதிரி. அதற்குப் பிறகு அவர் யோசிக்கவே இல்லை. கோட்டின் ஓரமாக ஒவ்வொரு அடியாக, ஈரத்தில் தெரியாது, யாரும் பார்த்து வரமுடியாது என்று ஊரைக் கூட்டிச் சிரித்த அதே மனுஷர், நான் வளைந்த இடத்தில் வளைந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உழைத்தவனுக்குத்தான் அது புரியும்.

அப்புறம் கால் தெரியவில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் ஒரு சத்தம் வருமே, அது வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து விளிம்பில் போய் உட்கார்ந்தேன்.

"யாரு மேல?" என்றார்.

"நான்தான் லிங்கம்."

"தாமுவா? நல்ல வேளபா. காலு போச்சு, தூக்க முடியல. கயிறு கிடைக்குமா பாரு."

கயிறு என்னிடம் இருந்தது. பையில் கொண்டுபோயிருந்தேன். கொல்ல நினைக்கிறவன் கயிறு கொண்டுபோவானா? நீங்களே சொல்லுங்கள். கயிறும் ஒரு சின்ன பாட்டிலும். பாட்டிலில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். சுண்ணாம்பைக் கரைத்து அடியில் உட்காரவிட்டு மேலே இருப்பதை இறுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் மனுஷன் வெளியே விடுகிற மூச்சு இருக்கிறதே, அந்த வகைக் கெட்ட காற்று பட்டால் பாலாகக் கலங்கும். அந்தக் காற்று கனமானது, பழைய குழிகளின் அடியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நாறாது, முதலில் புத்தியைக் கலக்கும், அப்புறம் மூச்சை நிறுத்தும். உள்ளே எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அவர் கையை உயர்த்திப் பிடிக்கப் பார்த்தார். கயிறு உனக்கில்லை, பாட்டிலுக்கு, சும்மா இரு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தொங்கவிட்டு மேலே இழுத்தேன். தண்ணீரின்மேல் பாலாடை படிந்திருந்தது.

அதனால் அவரிடம் சொன்னேன், காற்று சரியில்லை, அதிகம் பேசாதே, ஒரே ஒரு வார்த்தை போதும் என்று. வேறு யாராவது இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பார்களா?

என்ன வார்த்தை என்று கேட்டார். எண்ணூறு பேர் கதை நடந்ததுதான் என்கிற வார்த்தை என்று சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு, "நடந்துச்சுபா, நடந்துச்சு, கயிறப் போடு" என்றார். அது கயிற்றுக்காகச் சொல்வது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். மனசிலிருந்து சொல்லு என்றேன்.

வியாபாரி அல்லவா, பேரத்துக்கு வந்தார். மூச்சு வாங்க வாங்க, ஆனால் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "முந்தின ஷிஃப்டுல யாரோ போட்ட கோடு, நல்லா காஞ்சிருக்கும். நீ அத்த புடிச்சிகினு முன்னாடி வந்திருப்ப, உன் பின்னாடி மத்தவங்க வந்திருப்பாங்க. அப்படின்னா நடந்திருக்கும்பா. நான் ஒத்துக்கிறேன்."

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். உங்களிடம் சொல்வதற்கு என்ன, ஒருவேளை அப்படித்தான் நடந்ததோ என்னவோ. ரொம்ப காலமாகிவிட்டது. யாரோ ஒருவருடைய கால் எனக்கு முன்னால் போனது மட்டும் சில சமயம் ஞாபகம் வருகிறது. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் கோடு என்னுடையதில்லை என்றாகிவிடும். அதனால் முடியாது, ஈரக் கோடுதான், நான் போட்டதுதான் என்று சொல்லிவிட்டேன்.

சரி என்றார். முப்பது பேர் என்றார். எண்ணூறு என்றேன். ஐம்பது என்றார். டீ ஊற்றிக் குடித்தேன். முந்நூறுக்கு வந்தார். குரல் கொஞ்சம் குழறியது. வள்ளி தேடுவா தாமு என்றார். வள்ளி அவர் மனைவி. எனக்கும் தெரியும், தேடுவாள்தான். எண்ணூறு என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதுவதில் கடைசியாக அவருடைய வார்த்தைதான் நிற்கவேண்டும். நான் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஓடவில்லை, முட்டி வலி. ஆட்கள் வரும்போது அவர் மூச்சு நின்றிருந்தது, பிறகு நீங்கள் வந்தீர்கள். கூட்டம் மிதித்த மிதியில் கோடு செம்மண்ணும் சேறுமாகிவிட்டது. மீதி தெரிந்ததைப் பார்த்தவர்களும் கோடு என்றுதான் பார்த்தார்கள், அதற்கு வயசு என்ன என்று யாரும் கேட்கவில்லை. சுடுகாடு வரைக்கும் வழியெல்லாம் சுண்ணாம்புப் பொடி தூவியது நான்தான். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணே, நீங்க இல்லன்னா அவர் அங்க கெடக்கிறதே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். நல்ல பெண். அந்த வாரமே கோட்டைப் பழையபடி நேராகப் போட்டுவிட்டேன். யாரும் விழக்கூடாது பாருங்கள்.

பெஞ்சுக்குத் திரும்பப் போனதும் சைலஸிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எண்ணூறு பேர காப்பாத்தினே, இப்போ ஒருத்தன சாவடிச்சேங்கிற. கணக்கு ரொம்ப எறங்கிப்போச்சேபா" என்று சிரித்தான். சிரித்துவிட்டு மூடிக்கிடந்த கடையைப் பார்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கடை வாசல் கல்லில் என் கோடு இருந்தது. அவன் நம்பமாட்டான். இந்த ஊரில் என்னை நம்புவதற்கு இனி யாரும் இல்லை, நம்பியவர் ஒருத்தர்தான், அவரும் போய்விட்டார். அதனால்தான் இங்கே வந்தேன்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலம் என்று நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழி, கோடு, கயிறு, எல்லாம் நான்தான். ஆனால் இதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதவேண்டும். பனி விலக ஆரம்பித்திருந்தது. நான் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது. கயிறு கேட்கவில்லை, பேரம் பேசவில்லை, என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. தலையைக் குழியின் இருட்டான பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வருகிறவர்களை அடையாளம் பார்க்கிற மாதிரி, ரொம்ப சாந்தமாகச் சொன்னார்:

"நடந்ததுதான் தாமு. ஈரக் கோடுதான். எண்ணூறு பேரும் வர்றாங்க, நான் கண்ணால பாக்கிறேன்."